கலகாரியில் வல்லூறு வேட்டையாடுவதைப் படமெடுக்க: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்த முதல் வருடமே கலகாரிக்குக் கிளம்பினேன். ஐந்து நாள் பயணம், வாடகைக் கார், கடன் வாங்கிய லென்ஸ். மூவாயிரம் படங்களுக்கு மேல் எடுத்தும் ஒரு வல்லூறு ஒரு புறாவைப் பிடிக்கும் நொடி அவற்றில் ஒன்றில்கூட இல்லை. அதில் ஒன்றரை நாளைக் காகிதமும் கதவு நேரமும் தின்றன. மீதி நாட்களில் ஒரு நீர்த்தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருந்தேன். இரண்டாம் முறை ஒரே தொட்டியில் மூன்று காலைகள் உட்கார்ந்தேன். நினைத்த படம் கிடைத்தது. நடுவில் கற்றுக்கொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் அந்த முதல் பயணத்தைத் தாண்டிவிடலாம்.

இங்கே பேசப்போவது கலகாரிப் பாலைவனத்தில் உள்ள கலகாடி எல்லை கடந்த பூங்காவைப் பற்றி. தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டு திறந்த பூங்கா இது. உள்ளூர்க்காரர்கள் பெயரை 'ஹலஹாடி' என்பதுபோல் தொண்டையிலிருந்து சொல்வார்கள். தொலைபேசியில் விசாரிக்கும்போது அப்படிச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

1. முதலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே பழகுங்கள்

ஆயிரம் கி.மீ. ஓட்டிப் போய் அங்கே கேமராவைக் கற்றுக்கொள்ள முடியாது. ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் இருப்பவர்களுக்கு நல்ல பள்ளிக்கூடம் கருந்தோள் பருந்துதான். நம் ஊர் வயல்வெளிகளில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் அதே சாம்பல்-வெள்ளைப் பறவை, சிவந்த கண். இங்கே சாலையோரத் தந்திக் கம்பங்களில் சாதாரணமாகக் காணலாம். காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், கொஞ்சம் இறங்கி மறுபடி நிற்கும், பிறகு சிறகை மேலே தூக்கிக் கால்களை நீட்டிப் புல்லுக்குள் விழும். அந்தக் கடைசி இறக்கத்தை ஃபோகஸ் விடாமல் தொடர முடிந்தால் பாதிப் பயிற்சி முடிந்தது. நைஜெல் நகரத்துக்குப் பக்கத்தில் மாரிவேல் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. மறைந்திருந்து பார்க்கும் குடில்களும் உண்டு, சதுப்புநிலப் பூனைப்பருந்தும் வரும். விலை உயர்ந்த கருவியோடு அங்கே தனியாகப் போக வேண்டாம், இரண்டு வண்டியாகப் போங்கள்.

ரூடபோர்ட்டில் உள்ள வால்டர் சிசுலு தாவரவியல் பூங்கா இன்னொரு இடம். அருவிக்குப் பக்கத்துப் பாறையில் வெரோ கழுகுகள் பல பத்தாண்டுகளாகக் கூடு கட்டிவந்திருக்கின்றன. முதுகில் வெள்ளை 'வி' வடிவம் தெரியும் கரிய பெரும் கழுகு அது. பாறைகளில் வெயில் காயும் டாஸி என்னும் பாறைமுயல்தான் அதன் முக்கிய உணவு. கூட்டில் இந்த வருடம் கழுகுகள் இருக்கின்றனவா என்று நுழைவாயிலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

டர்பன்காரர்களுக்கு இன்னும் வசதி. கிரௌண்ட் ஈகிள் (crowned eagle) என்னும் காட்டுக்கழுகு அந்த நகரத்தின் மரங்களுக்கு நடுவேயே வாழ்கிறது. குரங்கையும் பாறைமுயலையும் தூக்கும் வலு அதற்கு உண்டு. குளூஃபில் உள்ள கிரான்ஸ்குளூஃப் பள்ளத்தாக்கில் காலை வேளையில் மேலே வட்டமிட்டுக் கத்துவதைக் கேட்கலாம். சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த ஒரு மாமா எனக்கு அதைக் காட்டித்தந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். 'தம்பி', 'வா', 'பாரு' தாண்டித் தமிழ் அவருக்கு அதிகம் வராது. அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டே கழுகு எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்குப் போகும் என்று எனக்குச் சொல்லித்தந்தார்.

2. மாதத்தை மழையை வைத்து முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் விடுமுறையைப் பார்த்துத் தேதி குறிக்கிறார்கள். வேட்டை பார்க்க வேண்டுமென்றால் மழையைப் பாருங்கள்.

கலகாரியில் மழை பெரும்பாலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் பள்ளம் கண்ட இடமெல்லாம் தண்ணீர் நிற்கும், புறாக்களும் கல்கௌதாரிகளும் எங்கே வேண்டுமானாலும் குடித்துக்கொள்ளும். நீர்த்தொட்டியில் கூட்டம் இல்லையென்றால் வல்லூறுக்கும் அங்கே வேலை இல்லை. வறட்சி முற்றிய ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நிலைமை தலைகீழ். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர் விடும் சில தொட்டிகளில்தான் சுற்றுவட்டாரமே வந்து குடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் புறா இறங்கும். லானர் வல்லூறு அந்தக் கூட்டத்தை நம்பி அங்கேயே தங்கிவிடும்.

ஆகஸ்டில் விடியற்காலை உறைநிலைக்குக் கீழே போகும். கையுறை இல்லாமல் ஷட்டரை அழுத்த முடியாது. அக்டோபர் கடைசியில் நண்பகல் நாற்பது டிகிரியைத் தொடும். எனக்குப் பிடித்தது செப்டம்பரின் முதல் பாதி. மாதக் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

வலசை வரும் பறவைகள்தான் வேண்டுமென்றால் கணக்கு மாறும். அமூர் வல்லூறு டிசம்பர் வாக்கில் வந்து மார்ச், ஏப்ரலில் திரும்பும். 2013 நவம்பரில் நாகாலாந்தில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட நாகா, வோகா, பாங்தி என்ற மூன்று பறவைகள் இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்கு வந்தன. குவாசுலு-நாட்டால், ஃப்ரீ ஸ்டேட் ஊர்களில் மாலையில் யூகலிப்டஸ் மரங்களில் கூட்டம் கூட்டமாக அடைவதைப் பார்க்கலாம். அதற்குக் கலகாடி வரை போக வேண்டியதில்லை.

3. பதினோரு மாதத்துக்கு முன் இடம் பிடியுங்கள்

பூங்காவின் தென்னாப்பிரிக்கப் பகுதியை நடத்துவது தேசியப் பூங்காக்கள் நிறுவனமான சான்பார்க்ஸ். 11 மாதங்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். செப்டம்பரில் போக வேண்டுமென்றால் முந்தைய அக்டோபரிலேயே கணினி முன் உட்காருங்கள்.

பெரிய முகாம்கள் மூன்று: ட்வீ ரிவீரன், மாட்டா-மாட்டா, நோசோப். வல்லூறுக்கு நோசோப்தான். மற்ற இரண்டிலும் தங்கி நோசோப் பக்கம் போய்வரலாம் என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். முடியாது. ட்வீ ரிவீரனிலிருந்து நோசோப் சுமார் 160 கி.மீ. வேக வரம்பு 50, பாதை மண்ணும் சரளையும். நான்கு மணி நேரம் பிடிக்கும். போவதற்குள் காலை வேட்டை முடிந்துவிடும்.

நோசோப்பில் குறைந்தது நான்கு இரவு போடுங்கள். அறை இல்லையென்றால் கூடார மனை எடுங்கள். அதுவும் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். ரத்து செய்பவர்களின் இடங்கள் இணையதளத்தில் திரும்ப வந்துகொண்டே இருக்கும். தினமும் காலையில் ஒருமுறை பாருங்கள். என் இரண்டாம் பயணத்தின் நான்கு இரவில் மூன்று இப்படிக் கிடைத்தவைதான்.

போகும் வழியில் ட்வீ ரிவீரனில் ஓர் இரவு கட்டாயம் போடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

4. காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வைத்திருப்பது போதாது, நோசோப்பில் சிக்னல் கிடையாது.

கட்டண வகை: பூங்காவுக்கு ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இயற்கைப் பாதுகாப்புக் கட்டணம் உண்டு. தென்னாப்பிரிக்கக் குடிமக்கள், அடையாள அட்டை உள்ள வசிப்பாளர்கள் ஒரு வகை. ஆப்பிரிக்காவின் தென்பகுதி வட்டார (SADC) நாடுகளின் குடிமக்கள் அடுத்தது. மற்ற வெளிநாட்டவர் மூன்றாவது. மூன்றாவது வகை முதல் வகையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. வேலை விசாவில் இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறோம். நீங்கள் எந்த வகையில் வருவீர்கள், அதற்கு எந்தச் சான்று காட்ட வேண்டும் என்பதை முன்பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலை அச்செடுத்து, பாஸ்போர்ட்டின் விசா பக்கத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாயிலில் நின்று வாதாடினால் நேரம்தான் போகும்.

வைல்ட் கார்டு: ஒரு வருட உறுப்பினர் அட்டை. தினசரிக் கட்டணத்துக்குப் பதிலாக இதைக் காட்டலாம். தனிநபர், தம்பதி, குடும்பம் என்று வகைகள் உண்டு, வெளிநாட்டவருக்குத் தனி விலை. வாங்குமுன் உங்கள் நாட்களைத் தினசரிக் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். வெளிநாட்டவர் கட்டணம் கட்டும் குடும்பமாக இருந்து ஐந்தாறு நாள் தங்குவதென்றால் பெரும்பாலும் அட்டையே லாபம். புதிய கட்டணங்கள் ஒவ்வொரு நவம்பர் 1-ஆம் தேதியும் அமலுக்கு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓட்டுநர் உரிமம்: நம் ஊர் உரிமத்தில் புகைப்படம், கையொப்பம், ஆங்கில விவரம் மூன்றும் இருந்தால் இங்கே செல்லும். பழைய புத்தக வடிவ உரிமமாக இருந்தால் ஊரிலிருந்தே சர்வதேச அனுமதியும் எடுத்து வாருங்கள். வாடகைக் கார் நிறுவனங்கள் அதைக் கேட்பதுண்டு. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள் ஒரு வருடத்துக்குள் உள்ளூர் உரிமமாக மாற்றிவிட வேண்டும்.

பாஸ்போர்ட் முத்திரை: உள்ளே நுழைந்த அதே நாட்டுப் பக்கமாகத் திரும்பி வருபவர்களுக்குக் குடியேற்றச் சடங்கு எதுவும் இல்லை. மாட்டா-மாட்டா வழியாக நமீபியாவுக்கோ, மறுபக்கம் போட்ஸ்வானாவுக்கோ வெளியேறுவதென்றால் பூங்காவுக்குள் குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும், ட்வீ ரிவீரனில் முத்திரை வாங்க வேண்டும், காருக்கு எல்லை கடக்கும் கடிதம் வேண்டும். திரும்பி வரத் தென்னாப்பிரிக்க விசா இடம் தருகிறதா என்பதையும் பாருங்கள். முதல் பயணத்தில் இந்தத் தலைவலி வேண்டாம்.

கேமராவுக்கான காகிதம்: இதைப் பலர் கவனிப்பதில்லை. ஊரிலிருந்து சொந்த லென்ஸ் கொண்டுவருவதென்றால் கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். அடுத்த விடுமுறைக்குத் திரும்பிப் போகும்போது 'புதிதாக வாங்கியதா?' என்று கேட்டால் காட்ட அது வேண்டும். அதேபோல் இங்கே வாங்கிய கருவியோடு ஊருக்குப் போகும்போது, பெட்டியை ஒப்படைக்கும் முன் இங்குள்ள சுங்க மேசையில் வரிசை எண்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ரசீதின் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்கள் கேமராவை 'ஆல் ரிஸ்க்' பிரிவில் வரிசை எண்ணோடு தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வெளியே தொலைந்தாலும் உடைந்தாலும் ஒன்றும் கிடைக்காது.

சொந்த ரசனைக்காகப் படமெடுக்க அனுமதி எதுவும் வேண்டாம். விளம்பரம், படப்பிடிப்பு போன்ற வணிக வேலைக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். டிரோன் கூடாது. பையில்கூட எடுத்துப்போக வேண்டாம்.

5. வண்டி

நதிப்படுகை வழியே செல்லும் முக்கியப் பாதைகளில் சாதாரணக் காரும் போகும். ஆனால் தரையிலிருந்து உயரம் கூடிய வண்டி எடுங்கள். ஒன்று, நடுப்பாதை மணல்மேடு அடியில் உரசாது. இரண்டு, ஜன்னல் உயரமாக இருப்பதால் புல்லுக்கு மேலே லென்ஸ் நிற்கும்.

வாடகை மேசையில் நான் இழந்தது அரை நாள். முன்பதிவுக்குப் பணம் கட்டியது நண்பரின் கிரெடிட் கார்டு, ஓட்டப்போவது நான். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டு ஆகாது என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, நான் படிக்கவில்லை. வைப்புத்தொகைக்குப் போதுமான வரம்பு அந்தக் கார்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி இவற்றுக்குத் தனிக் காப்பீடு கேளுங்கள். சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் அவற்றை விட்டுவிடும். மணலாலும் நீராலும் வரும் சேதத்தையும் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. கையெழுத்திடும் முன் சரளைச் சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

உதிரி டயர் முழு அளவா, ஜாக்கி வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் உங்கள் கண்ணால் பாருங்கள். டயர் அழுத்தமானியும் சின்னக் காற்றடிப்பானும் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. கருவிகள்

லென்ஸ்: 500 அல்லது 600 மி.மீ. வரை போகும் ஜூம் போதும். பறவைக் கூட்டம் முழுதும் எழும்பும்போது 300-க்கு இறங்க முடிவதால் விலை உயர்ந்த ஒற்றை நீள லென்ஸைவிட இது எனக்கு உதவியது. வாடகைக்கு எடுப்பதென்றால் பாஸ்போர்ட்டோடு மூன்று மாதத்துக்குள்ளான முகவரிச் சான்று கேட்பார்கள். இந்த நாட்டில் எதற்கும் அது வேண்டும். வாடகை வீட்டில் மின் கட்டணம் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், அவரிடம் முன்பே உறுதிமொழிக் கடிதம் வாங்கி வையுங்கள். வங்கிக் கடிதமும் உதவும்.

முக்காலி வேண்டாம். பாதையில் வண்டியை விட்டு இறங்கவே கூடாது, ஜன்னலுக்கு வெளியே உடலை நீட்டுவதும் தடை. ஜன்னல் விளிம்பில் வைக்கும் பீன்பேக்தான் தேவை. வெறும் பையைக் கொண்டுபோய், வழியில் உள்ள அப்பிங்டன் நகரில் ஐந்து கிலோ அரிசி வாங்கி நிரப்புங்கள்.

பிளக்: இங்குள்ள மூன்று உருண்டைக் கால் பிளக்கும், நம் ஊரில் ஏசிக்கும் கிரைண்டருக்கும் போடும் பெரிய பிளக்கும் ஒரே மாதிரி. ஊரிலிருந்து அந்தப் பெரிய பிளக் வைத்த நீட்டிப்புக் கம்பி கொண்டுவந்திருந்தால் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். கேமரா சார்ஜருக்கு மாற்றி வேண்டும். நோசோப்பில் நாள் முழுதும் மின்சாரம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். காரில் சார்ஜ் செய்யும் வசதியும் மூன்று பேட்டரியும் வைத்துக்கொள்ளுங்கள்.

தூசி மாவுபோல் நுழையும். முகாமுக்கு வெளியே லென்ஸைக் கழற்றாதீர்கள். ஓட்டும்போது கேமராவைத் தலையணை உறைக்குள் போட்டு வையுங்கள்.

7. செலவை எப்படிக் கணக்கிடுவது

ராண்டில் எழுதினால் அடுத்த வருடம் பொய்யாகிவிடும், அதனால் அளவில் சொல்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ட்வீ ரிவீரன் சுமார் 1,050 கி.மீ. போக, வர, உள்ளே சுற்ற எல்லாம் சேர்த்து ஆறேழு நாளில் 2,600 கி.மீ. ஓடும். நூறு கிலோமீட்டருக்கு 9 லிட்டர் என்றால் 234 லிட்டர். அதற்கு மேல் தங்குமிடம், தினசரிக் கட்டணம், வண்டி. இவற்றில் வண்டிதான் பெரியது. நான்கு பேர் போனால் ஆள் செலவு குறையும். ஆனால் ஒரு வண்டியில் படமெடுப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் ஜன்னலுக்குச் சண்டைதான். இரண்டு பேர், பின்னிருக்கையில் ஆளுக்கொரு ஜன்னல் என்பது என் அனுபவத்தில் சரியான கணக்கு. அப்பிங்டனுக்கு விமானத்தில் போய் அங்கே வண்டி எடுத்தால் இரண்டு நாள் மிச்சமாகும்.

8. போகும் நாள்

அப்பிங்டனில் எரிபொருள், குடிநீர், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் முடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வாயில் 250 கி.மீ., முழுதும் தார்ச்சாலை. நோசோப்பில் எரிபொருள் உண்டு, சின்னக் கடை உண்டு, ஆனால் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் குடிநீர் வையுங்கள். முதல் இரண்டு நாளுக்குப் புளிச்சாதம் கட்டிக்கொண்டால் வேட்டை நேரத்தில் அடுப்பைத் தேட வேண்டாம். ரொக்கம், கார்டு இரண்டும் வைத்திருங்கள்.

இப்போது கதவு நேரம். முதல் பயணத்தில் பிற்பகல் நான்கு மணிக்கு வாயிலை அடைந்தேன். அன்றிரவு எனக்கு அறை இருந்தது நோசோப்பில். இருட்டுக்கு முன் போய்ச் சேர முடியாது என்பதால் உள்ளே விடவில்லை. அவர்கள் செய்தது சரி. வெளியே ஒரு விடுதி தேடி, கட்டிய பணத்தையும் இழந்து, மறுநாள் காலையையும் இழந்தேன். அதனால்தான் முதல் இரவு ட்வீ ரிவீரனில் போடச் சொன்னேன். கதவு திறக்கும், மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். அந்த மாதத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் டயர் காற்றை 1.6 பார் அளவுக்கு இறக்குங்கள். பாதை வரிவரியாக மேடுபள்ளமாக இருக்கும், வண்டியைக் குலுக்கும். காற்று குறைந்தால் வண்டியும் முதுகும் தப்பும்.

9. நீர்த்தொட்டியில் ஒரு காலை

நோசோப் முகாமிலிருந்து வடக்கே சுமார் பத்து கி.மீ. தூரத்தில் குபிட்ஜி குவாப் தொட்டி. லானர் வல்லூறு வேட்டைக்கு இந்தப் பூங்காவில் பெயர் பெற்ற இடம் இது. முந்தின மாலையே முகாம் அலுவலகத்தில் 'தொட்டியில் தண்ணீர் ஓடுகிறதா?' என்று கேளுங்கள். மோட்டார் பழுதானால் தொட்டி காய்ந்துவிடும்.

கதவு திறந்ததும் கிளம்புங்கள், வழியில் சிங்கத்துக்காக நிற்காதீர்கள். கஷ்டம்தான், தெரியும். ஆனால் வெயில் முதுகுப்பக்கம் விழும் இடத்தை அடுத்த வண்டி எடுத்துக்கொண்டால் அன்றைய காலை போயிற்று. நிறுத்தியதும் என்ஜினை அணையுங்கள், ஏசியையும் ஹீட்டரையும் அணையுங்கள், எல்லா ஜன்னலையும் இறக்குங்கள். வண்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் வெப்பம் வேறுபட்டால் லென்ஸுக்கு முன்னால் கானல் ஓடும், படம் முழுக்கக் கலங்கலாக வரும். முதல் பயணத்தில் என் லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் புறாக்கள் வரும். நம் தவிட்டுப் புறா இங்கேயும் உண்டு. கழுத்தில் கறுப்பு வளையம் போட்ட கேப் புறாதான் அதிகம். அவை நேராகத் தொட்டியில் இறங்காது. சுற்றுமரங்களில் நூறு நூறாகச் சேரும். ஒன்று துணிந்தால் மற்றவை விழும். சூரியன் உதித்து இரண்டு, மூன்று மணி நேரத்தில் கல்கௌதாரிகள் குரல் கொடுத்தபடி கூட்டமாக வரும். குஞ்சு இருக்கும் காலத்தில் ஆண் பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துப் பஞ்சுபோல் சுமந்து போவதைப் பார்ப்பீர்கள். வேட்டை மும்முரமாவதும் அந்த நேரத்தில்தான்.

வல்லூறைத் தேடாதீர்கள், புறாக்களைப் பாருங்கள். இந்த ஒன்றைக் கற்க எனக்கு ஒரு முழுப் பயணம் ஆனது. லானர் தூரத்து ஒட்டகமுள் மரத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கே லென்ஸைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தால், அது கிளம்பி மூன்று நொடியில் தொட்டிக்கு வந்துவிடும். தரையோடு தரையாக, பெரும்பாலும் வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு வரும். கூட்டத்துக்குள் அதைப் பிடிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. புறாக்கள் தலை தூக்கி ஒரே திசையில் பார்க்கும், குடிப்பது நிற்கும், சத்தம் அடங்கும். அடுத்த நொடி எல்லாம் ஒரே வீச்சில் எழும். தலை தூக்கிய நொடியில் விரல் ஷட்டரில் இருக்க வேண்டும்.

என் அமைப்பு இது: மேனுவல் முறை, 1/3200 நொடி, எஃப் 6.3, வெளிச்சத்துக்கு ஏற்ப ஐஎஸ்ஓவை நானே அரைமணிக்கு ஒருமுறை மாற்றுவேன். பறவை வெள்ளை மணலிலிருந்து நீல வானத்துக்கு ஏறும்போது தானியங்கி அளவீடு தடுமாறும், அதனால்தான் மேனுவல். பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியை நம்பி முழுச் சட்டத்தையும் கொடுத்துவிடாதீர்கள். ஐந்நூறு புறாவில் அது ஏதாவது ஒரு புறாவைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் சின்ன வட்டாரமாகச் சுருக்கி, தொட்டியின் விளிம்பில் முன்பே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய நொடியையும் சேமிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் இங்கே போடுங்கள்.

பெரும்பாலான பாய்ச்சல் வெறும் கையோடு முடியும். இளம் லானர்கள் சில நேரம் நான்கைந்து சேர்ந்து வந்து, ஒன்றும் பிடிக்காமல், தொட்டி விளிம்பில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். அதையும் எடுங்கள். நரியும் இதே புறாக்களுக்குக் காத்திருக்கும். புல்லுக்குள் படுத்திருந்து துள்ளிப் பிடிப்பதையும், வல்லூறு பிடித்ததைப் பறிக்க ஓடுவதையும் ஒரே காலையில் பார்த்தேன். டானி கழுகும் பேட்டலூர் கழுகும் மேலிருந்து இறங்கும்.

பதினொரு மணி வரை இருங்கள். அதற்கு மேல் தரைக் கானல் எந்த லென்ஸையும் தோற்கடிக்கும். முகாமுக்குத் திரும்பித் தூங்குங்கள். மறுநாளும் அதே தொட்டி, முடிந்தால் அதே இடம். முதல் நாள் எந்த மரத்திலிருந்து வந்தது, எந்தப் பக்கமாக ஏறியது என்று எழுதி வைத்தால் இரண்டாம் நாள் வண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரியும். மூன்றாம் நாள்தான் என் படம் கிடைத்தது.

10. மாலை வேளைக்கு

மாலையில் மெதுவாக ஓட்டலாம். ஹனி பேட்ஜர் என்னும் தேன்வளைக்கரடி மண்ணைத் தோண்டிக்கொண்டு போவதைக் கண்டால் நின்றுவிடுங்கள். பேல் சாண்டிங் கோஷாக் என்னும் சாம்பல் நிற வேட்டைப் பறவை அதன் பின்னாலேயே கிளை கிளையாக வரும். தோண்டும்போது தப்பி ஓடும் எலி கோஷாக்குக்கு. நீண்ட காலால் புல்வெளியில் நடக்கும் செக்ரட்டரி பறவை இந்த நாட்டு அரசுச் சின்னத்திலேயே இருக்கிறது. பாம்பை மிதித்துக் கொல்லும். அதன் உதையின் விசை உடல் எடையைப்போல் ஐந்து மடங்கு என்றும், கால் இரையைத் தொடுவது சுமார் 15 மில்லிநொடி மட்டுமே என்றும் அளந்திருக்கிறார்கள். தலை முன்னே குனிந்து இறக்கை விரிந்தால் அழுத்தத் தொடங்குங்கள், உதையைப் பார்த்து அழுத்தினால் தாமதம்.

11. செய்யக் கூடாதவை

கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். டர்பனின் கிரௌண்ட் ஈகிளுக்கு ஒரு குஞ்சுதான் மிஞ்சும். அது பறந்த பிறகும் பல மாதம் பெற்றோரை நம்பியிருக்கும். அதனால் பல ஜோடிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடு வைக்கின்றன. நாம் ஒரு படத்துக்காக அதைக் கலைத்தால் போவது இரண்டு வருடம். கூட்டின் இருப்பிடத்தைப் படத்தோடு வெளியிடாதீர்கள், கைப்பேசிப் படத்தில் இடக்குறி ஒட்டிக்கொள்ளும், அதை நீக்குங்கள். இரை காட்டி வரவழைப்பது, ஒலிப்பதிவு போட்டுக் கூப்பிடுவது இரண்டும் வேண்டாம். தரையில் இரையோடு இருக்கும் வல்லூறை நோக்கி வண்டியை உருட்டாதீர்கள். பயந்து விட்டுவிட்டுப் போனால் நரிக்குத்தான் அது.

12. திரும்பும் நாள்

நோசோப்பிலிருந்து கதவு திறந்ததும் கிளம்பினால் நண்பகலுக்குள் வாயிலைத் தாண்டலாம். அன்றே ஜோகன்னஸ்பர்க் வரை ஓட்ட முயலாதீர்கள். இருட்டில் குடு மான் சாலையில் குதிக்கும். அப்பிங்டனில் ஓர் இரவு தங்குங்கள், மெமரி கார்டுகளை இரண்டு இடத்தில் நகலெடுங்கள். முக்கியமாக, தார்ச்சாலையில் ஏறும் முன் டயரில் பழையபடி காற்றை நிரப்புங்கள். 1.6 பாரில் வெயில் நேரத்தில் 120 வேகத்தில் போனால் டயர் வெடிக்கும்.